படத்தில் இல்லாத தமிழன்



தேசிய மாதம் வந்தால், ஜின்ஸ் ஷம்சுடின் இயக்கிய 'புக்கிட் கெப்போங்' (1981) படத்தைப் பிள்ளைகளோடு பார்க்கிறோம். 1950 பிப்ரவரி 23இல் காவல் நிலையத்தைக் காத்து மாண்டோரின் வீரம் போற்றத்தக்கதே. ஆனால், சின் பெங்கின் வாழ்க்கைத் தடத்தைத் தேடிய அமிர் முகம்மதுவின் 'லெலாக்கி கொமுனிஸ் தெராக்கிர்' 2006இல் தடை செய்யப்பட்டது. ஒரு காதைப் பொத்திக்கொண்டா வரலாறு கேட்பது?

இரு கொள்கைகளுக்கிடையே நசுங்கிய தோட்டத் தமிழன் எங்கே? தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ.கணபதி 1949 மே 4இல் தூக்கிலிடப்பட்டார். முதல்நாள் வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார். இப்பெயர்களை நம் பிள்ளைகள் அறிவரா?

அவர்களை வழிபடச் சொல்லவில்லை. படம் முடிந்ததும், "இதில் யார் இல்லை?" என்று பிள்ளைகளைக் கேளுங்கள். வினா எழாத வகுப்பறை வெறும் திரையரங்கமே.