ஆய்வுக்குப் பணம்: இரண்டாம் ஆண்டிலேயே, மாணவர் கையிலேயே

குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் உருவான அனுசாட் செயற்கைக்கோள், 2009 ஏப்ரல் 20 அன்று பிஎஸ்எல்வி ராக்கெட்டில் ஏறி விண்ணுக்குப் போனது. 2011 அக்டோபர் 12 அன்று காட்டாங்குளத்தூர் எஸ்ஆர்எம் மாணவர்களின் எஸ்ஆர்எம்சாட் போனது. 2016 ஜூன் 22 அன்று சத்யபாமா பல்கலைக்கழகத்தின் சத்யபாமாசாட். ஜிஎஸ்டி சாலைக்கும் பழைய மாமல்லபுரம் சாலைக்கும் இடைப்பட்ட, தாம்பரத்தைச் சுற்றியுள்ள இந்தப் பகுதியிலிருந்து ஏழு ஆண்டுகளில் மூன்று செயற்கைக்கோள்கள் கிளம்பியிருக்கின்றன. இவ்வளவு சின்ன வட்டத்துக்குள் இப்படி ஒரு வரலாறு உள்ள இடங்கள் நாட்டில் அதிகம் இருக்க முடியாது.

இதே பகுதி மாணவர்கள் தினமும் ஏறி இறங்கும் மின்ரயில் பாதையில் இன்னொன்றும் கண்ணில் படும். ‘இறுதியாண்டு பிராஜெக்ட் செய்து தரப்படும்’ என்ற நோட்டீஸ். பணத்தைக் கட்டினால் தலைப்பு, செயல்படும் மாதிரி, பைண்டு செய்த அறிக்கை எல்லாம் கிடைக்கும். வைவாவில் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்ற பயிற்சியும் சேர்த்தி. கல்லூரிகளுக்கு இது தெரியாததல்ல. தெரிந்தும் மதிப்பெண் போடப்படுகிறது.

மாணவர்களின் நேர்மைக் குறைவு என்று சொல்லி இதைக் கடந்துவிடுவது சுலபம். ஆனால் கணக்கைப் பார்க்க வேண்டும். சொந்தமாகச் செய்பவர் ரிச்சி தெருவில் ஒரு சென்சாரை வாங்கி, இணைப்பைத் தவறாகக் கொடுத்து எரித்துவிட்டால், இரண்டாவதையும் தன் பணத்தில்தான் வாங்க வேண்டும். கடையில் வாங்கியவருக்கு அந்தப் பயம் இல்லை. தவறு செய்து கற்பவருக்குச் செலவு அதிகம், விலைக்கு வாங்குபவருக்குச் செலவு நிச்சயம். வீட்டில் பணமில்லாத மாணவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? இளநிலை மாணவர்களின் ஆய்வுக்கும் கலை முயற்சிக்கும் பொதுப்பணம் ஒதுக்க வேண்டும் என்று இந்தத் தலையங்கம் கேட்பது இந்த இடத்திலிருந்துதான்.

பணமே இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் பல ஆண்டுகளாக மாணவர் திட்டங்களுக்கு உதவித்தொகை தருகிறது. நல்ல திட்டம். ஆனால் ஒரு திட்டத்துக்கு 7,500 ரூபாய் என்ற அளவு, அதுவும் கடைசி ஆண்டு மாணவருக்கு. கடைசி ஆண்டில் மாணவரின் கண் வேலைவாய்ப்பு முகாமில் இருக்கிறது. விண்ணப்பம், தேர்வு, ஒப்புதல், கல்லூரிக் கணக்கு என்று பணம் நடந்து வரும் வழியை எண்ணிப் பார்த்தால், ஒரு செமஸ்டரில் முடிந்துவிடும் வேலைக்கு அது எப்போது வந்து சேரும் என்பதும் விளங்கும். நான் முதல்வன் திட்டத்தின் நிரல் திருவிழா இன்னொரு வாசலைத் திறந்திருக்கிறது. அதுவும் போட்டிதான், தீர்வு கண்டுபிடித்தவருக்கான மேடை. தீர்வு இருக்கிறதா என்றே தெரியாமல் தேடிப் பார்க்க விரும்பும் மாணவருக்கு அங்கே இடம் குறைவு.

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டக் கட்டமைப்பு ஆய்வை நான்காம் ஆண்டுக்குத் தள்ளிவைத்தது. முதல் ஆறு செமஸ்டரில் 75 சதவீதம் வாங்கியவருக்குத்தான் ஆய்வுடன் கூடிய ஹானர்ஸ். புதிய கல்விக் கொள்கையைத் தமிழ்நாடு எதிர்க்கிறது. மூன்றாண்டுப் பட்டமே போதும் என்கிறது. அந்த நிலைப்பாட்டில் நியாயம் உண்டு. நான்காவது ஆண்டு என்பது ஏழைக் குடும்பத்துக்கு இன்னொரு ஆண்டு வருமான இழப்பு. ஆனால் நான்காம் ஆண்டு வேண்டாம் என்று சொல்லும் அரசு, ஆய்வும் வேண்டாம் என்று சொன்னதாக ஆகிவிடக் கூடாது. மூன்று ஆண்டுக்குள்ளேயே அதற்கு இடம் கொடுத்துக் காட்ட வேண்டிய பொறுப்பு நமக்குத்தான் கூடுதல்.

ஆய்வு செய்ய எங்கே போவது என்ற கேள்வி தாம்பரத்தில் எழவே கூடாது. இந்தியத் தொல்லியலில் முதல் பழைய கற்காலக் கருவியை ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்தது பல்லாவரத்தில், 1863 மே 30 அன்று. பெரும்பாக்கம் அரசுக் கல்லூரியிலிருந்து பள்ளிக்கரணை சதுப்புநிலம் கூப்பிடு தூரம். 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த நிலம் அது. எந்த மாதத்தில் எந்தப் பறவை வருகிறது, தண்ணீரில் என்ன கலக்கிறது, சுற்றி எழும்பிய வீடுகளில் மழைநீர் எவ்வளவு உயரம் நின்றது என்று ஒரு வகுப்பு பத்தாண்டு தொடர்ந்து குறித்துவைத்தால், அந்த நோட்டுப் புத்தகங்களைத் தேடி நீதிமன்றமே வரும். 2015 டிசம்பரில் அடையாறு ஊருக்குள் புகுந்தபோது முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் மாடியில் நின்றவர்கள் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைப் பதிவு செய்ய ஒரு ஒலிப்பதிவுக் கருவியும் பஸ் கட்டணமும் போதும். 2021இல் பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் எல்லாம் தாம்பரத்தோடு சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆயின. நகராட்சி, பேரூராட்சி நாள் நினைவுகள் அழிவதற்குள் எழுத வேண்டியவர்கள் வரலாறு, தமிழ், காட்சித் தொடர்பியல் மாணவர்கள்.

ஆய்வு என்றாலே லேப், லேப் என்றாலே லட்சங்கள் என்று நினைப்பவர்களுக்கு, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியின் சொந்தக் கதை ஒன்று. அங்கே ஆசிரியர்களாக இருந்த கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் வாசலில் போடும் கோலத்தை எடுத்துக்கொண்டார்கள். புள்ளிகளும் வளைவுகளும் எந்த விதியின்படி பெருகுகின்றன என்று கேட்டார்கள். கமலா கிருதிவாசனும் சேர்ந்து மூவரும் 1974இல் வெளியிட்ட கட்டுரை, கணினி அறிவியலின் வரிசை இலக்கணங்களைக் கோலத்தோடு இணைத்தது. இன்றைக்கும் உலகில் கோலக் கணிதம் பேசுகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். மூலப்பொருள் அரிசி மாவு. வேண்டியிருந்தது நேரமும், இதெல்லாம் ஒரு ஆய்வா என்று யாரும் தடுக்காத ஒரு வளாகமும்.

அப்துல் கலாமின் எம்ஐடி நாட்களையும் நாம் திரும்பத் திரும்பச் சொல்கிறோம், ஆனால் பாதியை விட்டுவிட்டு. தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் திட்டத்தில் நான்கு பேரோடு அவர் இருந்தார். வேலை சரியில்லை என்று பார்த்த இயக்குநர் சீனிவாசன், மூன்று நாளில் முடிக்காவிட்டால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றார். கலாம் முடித்தார். மேடைகளில் இந்த மூன்று நாள் கெடு பெரிதாகப் பேசப்படுகிறது. அவர் அந்தக் கல்லூரியில் சேரவே அக்கா ஜொஹரா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார் என்பது அதே அளவு பெரிய செய்தி. நிறுத்துவேன் என்று மிரட்டக்கூட முதலில் ஒரு உதவித்தொகை இருக்க வேண்டும் அல்லவா? நம் விமானத்தை நாமே செய்ய வேண்டும் என்று அவர் தமிழில் எழுதிய கட்டுரைக்கு ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன் கையால் முதல் பரிசு கிடைத்ததும் எம்ஐடி மாணவராக இருந்தபோதுதான். பொறியியல் மாணவரின் எழுத்துக்கும் அன்று ஒரு பரிசு இருந்தது.

அமெரிக்காவின் எம்ஐடியில் (குரோம்பேட்டைக்காரர்களுக்கு எம்ஐடி என்றால் ஒன்றுதான், இது மற்றது) 1969இல் மார்கரெட் மெக்விகார் என்ற இயற்பியலாளர் இளநிலை மாணவர்களை ஆசிரியர்களின் ஆய்வில் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கினார். மாணவர் மதிப்பெண்ணுக்காகவும் செய்யலாம், சம்பளத்துக்காகவும் செய்யலாம். சம்பளம் என்ற அந்தச் சொல் முக்கியம். மாலையில் உணவகத்தில் வேலை பார்த்துக் கட்டணம் கட்டும் மாணவரும் அதனால் லேபுக்குள் வர முடிந்தது. அத்தனை தூரம்கூடப் போக வேண்டாம். சென்னை ஐஐடியின் புத்தாக்க மையம் 2008இல் எழுந்தது 1981ஆம் ஆண்டு மாணவர்கள் கொடுத்த பணத்தில்.

அரசுக் கல்லூரிகளுக்கு அப்படிப்பட்ட பழைய மாணவர்கள் கிடையாது. அவற்றுக்கு அரசுதான் பழைய மாணவர். தமிழ்நாட்டில் அரசு கலை அறிவியல் கல்லூரிகள் 170க்கும் மேல் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நூறு குழுக்களுக்குத் தலா பத்தாயிரம் ரூபாய் கொடுத்தால் கல்லூரிக்குப் பத்து லட்சம்; மாநிலம் முழுக்க 17 கோடி சொச்சம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் உயர்கல்விக்கு ஒதுக்கியது 8,494 கோடி. ஆயிரம் ரூபாயில் இரண்டு ரூபாய்தான் கேட்கிறோம்.

பணத்தைக் கொண்டுசேர்க்கும் வழியும் புதிதாகப் போட வேண்டியதில்லை. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் ஆயிரம் ரூபாய் மாணவர் வங்கிக் கணக்குக்கே நேராகப் போகிறது. இடையில் யாரிடமும் கையெழுத்துக்கு நிற்க வேண்டியதில்லை. ஆய்வுப் பணமும் அதே வழியில், இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில், வேலை ஆரம்பிக்கும் முன்பே போகட்டும். செலவழித்துவிட்டு பில் கொடுத்து வாங்கிக்கொள் என்பது வசதியானவருக்கு மட்டும் பொருந்தும் விதி.

பணம் வீணாகும், போலி பில் வரும் என்பார்கள். கொஞ்சம் வீணாகும்தான். அதைத் தடுக்க பில்லைக் கட்டுக்கட்டாகச் சேர்ப்பதைவிட, ஆண்டில் ஒரு நாள் கல்லூரி வாசலைத் திறந்து, ஊர் மக்கள் முன்னால் ஒவ்வொரு குழுவும் என்ன செய்தோம், எது வரவில்லை என்று சொல்ல வைப்பது மேல். சிட்லபாக்கம் ஏரித் தண்ணீரைச் சோதித்தேன் என்று பொய் சொல்லும் மாணவரைச் சிட்லபாக்கத்துக்காரர்கள் ஐந்து நிமிடத்தில் பிடித்துவிடுவார்கள். தோற்றுப்போன முயற்சிக்கும் மதிப்பெண் உண்டு என்று எழுதிவைத்தால், பிராஜெக்ட் கடைகளுக்கு வியாபாரம் பாதியாகக் குறையும்.

இதைவிட வலுவான எதிர்வாதம் ஒன்று உண்டு. வழிகாட்ட ஆசிரியர் எங்கே? அரசுக் கல்லூரிகளில் பாதிப் பாரத்தைச் சுமப்பவர்கள் மாதம் 25,000 ரூபாய் வாங்கும் கௌரவ விரிவுரையாளர்கள். அவர்கள் தலையில் நூறு குழுக்களைக் கட்டினால் திட்டம் முதலாண்டிலேயே காகிதமாகிவிடும். எனவே வழிகாட்டும் நேரத்தைப் பாடவேளையாகக் கணக்கிட்டு, கௌரவ விரிவுரையாளருக்கு அதற்குத் தனி ஊதியம் தர வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துத்தான் சொல்கிறோம். 17 கோடி 25 கோடியானாலும் தாங்கும்.

உதவிபெறும் கல்லூரிகளுக்கும் இதில் பங்கு வேண்டும். கௌரிவாக்கம் கல்லூரியிலும் குரோம்பேட்டை மகளிர் கல்லூரியிலும் படிப்பவர்களிலும் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகளே. தனியார் பல்கலைக்கழகங்கள் அரசிடம் எதிர்பார்க்க வேண்டாம். வாங்கும் கட்டணத்தில் எவ்வளவு மாணவர் ஆய்வுக்குப் போகிறது என்பதை இணையதளத்தில் போடட்டும், போதும். செயற்கைக்கோள் விளம்பரப் பலகைக்கு ஏற்றது. சதுப்புநிலத்தில் பறவை எண்ணுவது ஏற்றதல்ல. இரண்டுக்கும் பணம் வேண்டும்.

தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம் 1984 முதல் இயங்குகிறது. அங்கேயும் மறைமலைநகரிலும் உள்ள பெரிய நிறுவனங்கள் சட்டப்படி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டியவை. வகுப்பறைக்குப் பெயின்ட் அடித்துப் படம் பிடித்துக்கொள்வதோடு நிற்காமல், பக்கத்துக் கல்லூரியின் பத்துக் குழுக்களையாவது அவர்கள் ஏற்கலாம்.

ஆனால் தொடக்கம் அரசிடமிருந்து வர வேண்டும். அடுத்த நிதிநிலை அறிக்கையில் ‘இளநிலை மாணவர் ஆய்வு, கலை முயற்சி நிதி’ என்று தனித் தலைப்பு எழுதப்பட வேண்டும். கலைப் பிரிவுக்கு அதில் பாதி என்றும் சேர்த்து எழுதப்பட வேண்டும். ஜூனில் கல்லூரி திறக்கும்போது முதல் தவணை மாணவரின் கணக்கில் இருக்க வேண்டும்.