ரவுட்டருக்கும் ஒரு நீர்ப்பாய்ச்சி வேணும்



கடலை பறிப்பு முடிஞ்சு இப்பதான் உக்கார நேரம் கிடைச்சுது. இன்னைக்கு வயக்காட்டுக் கதை இல்லை, வீட்டு இணையத்தைப் பத்தி எழுதறேன். ஆனா படிச்சு முடிக்கையில ரெண்டும் ஒரே கதைதான்னு உங்களுக்கே தெரியும்.

எங்க வீட்டுக்கு ஃபைபர் இணைப்பு வந்து மூணு வருஷம் ஆச்சு. 40 எம்.பி.பி.எஸ். மகன் மாடி ரூம்ல இருந்து சென்னைக் கம்பெனிக்கு வேலை பாக்கறான். மகள் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-க்குப் படிக்கிறா. வகுப்பும் மாதிரித் தேர்வும் ஆன்லைன்லதான். வீட்டுக்காரம்மாவுக்கு டி.வி. எனக்கு மார்க்கெட் விலை பாக்க ஒரு பழைய போன்.

போன ஐப்பசியில ஒரு சனிக்கிழமை மகளுக்கு மாதிரித் தேர்வு. பாதியில பக்கம் சுத்திக்கிட்டே நின்னுடுச்சு. கடிகாரம் மட்டும் ஓடுச்சு. அந்நேரம் மகனோட கம்ப்யூட்டர் ஆபீஸ் ஃபைல்களையெல்லாம் மொத்தமா மேல ஏத்திக்கிட்டு இருந்திருக்கு. பொண்ணு கண்ணைத் துடைச்சுக்கிட்டு வந்து நின்னா. அவனோ, "என் வேலை போனா வீட்டுக்கு யாரு சம்பாதிக்கிறது? நான் வேலை பாக்கற நேரத்துல உன் போனை ரவுட்டர்ல பிளாக் பண்ணிடறேன்"னான். நான் ஒண்ணும் சொல்லல. அது இன்னைக்கும் உறுத்துது.

மறுநாள் கம்பெனிக்குப் போன் போட்டேன். "100 எம்.பி.பி.எஸ். பிளானுக்கு மாறுங்க சார்"ன்னாங்க. மாறினேன். பில் கூடுச்சு, சண்டை குறையல. அந்த ஃபைல் ஏத்தற வேலை 40 இருந்தா 40-ஐயும் குடிக்கும், 100 இருந்தா 100-ஐயும் குடிக்கும்.

பொங்கலுக்குக் கோயமுத்தூர்ல இருந்து அண்ணன் மகன் வந்தான். அவன்தான் புரிய வெச்சான். "சித்தப்பா, உங்களுக்கு வேகம் குறைச்சல் இல்ல. பங்குதான் சரியில்ல."

அவன் சொன்னது இதுதான். இணையத்துல எல்லாமே சின்னச் சின்னப் பொட்டலமாத்தான் போகுது. சாதாரண ரவுட்டர் முதல்ல வந்ததை முதல்ல அனுப்பும், மிச்சத்தை வரிசையில நிறுத்தும். பெரிய ஃபைல் ஒண்ணு ஆயிரக்கணக்கான பொட்டலத்தைக் கொண்டுவந்து அடைச்சா, மகளோட ஒரே ஒரு பதில் அந்த வரிசைக்குக் கடைசியில போய் நிக்கும். அளந்து காட்டினான். சும்மா இருக்கையில போய்த் திரும்ப 20 மில்லி செகண்ட். ஃபைல் ஏறும்போது 600-க்கு மேல.

இதைக் கேட்டதும் எனக்கு எங்க கண்மாய்தான் ஞாபகம் வந்துச்சு. தண்ணி தட்டுப்பாடான வருஷத்துல எங்க ஊர்ல முறை வெச்சுத்தான் பாய்ச்சுவோம். மடையைத் திறக்கறதும் வாமடையைக் கட்டறதும் நீர்ப்பாய்ச்சி கையில. அறுவடைக்கு அவருக்கு நெல்லு அளக்கணும். அவர் இல்லாம விட்டா மடைக்குப் பக்கத்து வயல் வரப்பு வழியும், கடைசி வயல் வெடிச்சுக் கிடக்கும். கண்மாயைப் பெருசாக்கினாலும் அதே கதைதான்.

இந்த யோசனை நேத்து வந்ததும் இல்லையாம். ஜான் நேகிள்ங்கறவர் 1985-லயே எழுதி வெச்சிருக்கார்: வரிசையை எவ்வளவு நீளமாக்கினாலும் நெரிசல் தீராது, ஒவ்வொருத்தருக்கும் தனி வரிசை வெச்சு, சுத்து முறையில ஆளுக்கு ஒண்ணா அனுப்பணும்னு. பிறகு 2012-ல கேத்லீன் நிக்கல்ஸ், வேன் ஜேக்கப்சன்னு ரெண்டு பேர் 'கோடெல்'னு ஒரு முறை கொண்டுவந்தாங்க. பொட்டலம் 5 மில்லி செகண்டுக்கு மேல தொடர்ந்து காத்துக் கிடந்தா, ஒண்ணு ரெண்டைத் தள்ளிவிட்டு, அனுப்பறவனை மெதுவா அனுப்ப வைக்கிற முறை. இப்ப 'கேக்'னு ஒண்ணு ரெண்டையும் சேர்த்துச் செய்யுது. ஒரு கம்ப்யூட்டர் பத்து இணைப்பு போட்டு பத்துப் பங்கு கேட்டாலும் ஆளுக்கு ஒரு பங்குதான். ஒரே வயலுக்குப் பத்து வாமடை வெட்டினா நீர்ப்பாய்ச்சி விடுவாரா? அதே மாதிரி. யாரும் பாய்ச்சாத முறைத் தண்ணி அடுத்த வயலுக்குப் போற மாதிரி, மத்தவங்க சும்மா இருந்தா முழு வேகமும் ஒருத்தருக்கே கிடைக்கும்.

கம்பெனி கொடுத்த பெட்டியில இந்த வசதி இல்லை. 'எஸ்.க்யூ.எம்.' வசதி இருக்கற ரவுட்டர் ஒண்ணு வாங்கி அதுக்குப் பின்னால மாட்டினான். 100 பிளானை விட்டுட்டுப் பழையபடி 40-க்கே வந்தோம். அதுலயும் வேகத்தை 36-ன்னு வெச்சான். "ஏண்டா 4-ஐ விட்டே?"ன்னேன். "நெருக்கடி கம்பெனிப் பெட்டியில விழுந்தா அங்க நம்ம பேச்சு செல்லாது சித்தப்பா. குறுகல் நம்ம பெட்டியில இருந்தாத்தான் பங்கு நம்ம கையில"ன்னான். இப்ப ஃபைல் ஏறும்போதும் 35 மில்லி செகண்ட்தான். மகன் வேலையும் நடக்குது, மகள் தேர்வும் நடக்குது.

இனி என் கருத்து. நிறைய பேர் ரவுட்டருக்குள்ள போய், "இந்த கம்ப்யூட்டருக்கு முதல் உரிமை"ன்னு வெச்சுடறாங்க. என் மகன் கேட்டதும் கிட்டத்தட்ட அதுதான். அது பங்கு இல்ல, பண்ணையார்த்தனம். கண்மாய்ப் பாசனம் அந்தக் காலத்துல நியாயமாவே நடந்துச்சுன்னு பூசி மெழுக மாட்டேன். எங்க அப்பா காலத்துல பெரிய வீட்டு வயல் நிரம்பின பிறகுதான் மத்தவனுக்கு வாமடை திறக்கும். யாரோட வயல்னு பாத்துத் தண்ணி விட்டா அதுதான் நடக்கும். இன்னைக்குச் சம்பளம் கொண்டாரவனோட கம்ப்யூட்டர் பெரிய வீடு, படிக்கிற பொண்ணோட போன் கடைமடை. அவ பரீட்சைக்குத் தேவைப்பட்டது ஒரு செம்புத் தண்ணி. அதைக் கொடுத்திருந்தா மகனுக்கு ஒண்ணும் குறைஞ்சிருக்காது.

சரிசமம்னா எல்லாத்துக்கும் ஒரே அளவா, போன்ல பேசறதுக்கும் சினிமா இறக்கறதுக்கும் ஒண்ணான்னு கேப்பீங்க. சின்னதாக் கேக்கறவனைக் காக்க வைக்காம அனுப்பிட்டு, மிச்சத்தைப் பெரிய ஆளுங்க சமமாப் பிரிச்சுக்கட்டும். நாற்றங்காலுக்கு முதல் தண்ணி விடறோம்ல, அதுக்காக நடவு வயல்காரன் கோவிச்சுக்கறானா?

கம்பெனிக்காரங்களுக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்கு வீடு பெட்டி மாட்டறீங்க. இந்தப் பங்கு முறையை அதுலயே போட்டு, திறந்து வெச்சுக் கொடுத்தா என்ன? பிளானைப் பெருசாக்கச் சொல்றது சுலபம். வெவரம் தெரிஞ்ச அண்ணன் மகன் எல்லா வீட்டுலயும் இருக்க மாட்டான்.

பட்டணத்துல இருக்கற நீங்க, இன்னைக்கே பெரிய ஃபைல் ஒண்ணை ஏத்த விட்டுட்டு, வீட்டுல இன்னொருத்தர் போனை எடுத்துப் பேசிப் பாருங்க. திக்குச்சுன்னா, உங்க வீட்டு மடையில ஆள் இல்லைன்னு அர்த்தம்.

மகளுக்கு அடுத்த மாசம் நிஜத் தேர்வு. மகன்தான் பைக்ல கொண்டுபோய் விடறேன்னு சொல்லியிருக்கான்.