பாவம் போகும் வழி

பாபநாசத்துப் படித்துறையில் நீராடி எழுபவர், உடுத்தியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவிட்டுக் கரையேறுகிறார். பரிகாரம் முடிந்தது, பாவம் தொலைந்தது. துணிதான் தொலையவில்லை. பருத்தியாயிருந்தால் மட்கிப் போகும். இன்றைய சேலையிலும் சட்டையிலும் கலந்திருக்கும் பாலியெஸ்டரோ பாறையிடுக்கில் சிக்கியும் மணலில் புதைந்தும் ஆண்டுக்கணக்கில் கிடக்கிறது. தன்னார்வலர்களும் துப்புரவுப் பணியாளர்களும் டன் கணக்கில் வாரிக் கரையேற்றுகிறார்கள். அடுத்த அமாவாசையில் மறுபடியும் சேர்கிறது.

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல்சேரும் தாமிரபரணியின் நீளம் ஏறத்தாழ 128 கிலோமீட்டர்தான். அந்தச் சிறு ஓட்டத்தை நம்பித்தான் நெல்லையும் தூத்துக்குடியும் குடிக்கின்றன. நாம் கழுவிய பாவம் யார் வீட்டுக் குடத்தில் விழுகிறது என்று கேட்பது நாத்திகமாகாது.

"கோயிலென்றால் மட்டும் சுற்றுச்சூழல் நினைவுக்கு வருமோ? நொய்யலைச் சாகடித்த சாயப்பட்டறைகளைக் கேளுங்களேன்" என்று சீறுவோர் உண்டு. கேட்கத்தான் வேண்டும். இதே தாமிரபரணியில் சாக்கடையைக் கலக்கவிடும் உள்ளாட்சிகளையும் சேர்த்தே கேட்போம். ஆனால் சாக்கடையை விடுகிறவர் அதற்குப் புண்ணியம் என்று பெயர் சூட்டுவதில்லை. எச்சிலையோ அசுத்தம் பட்ட பொருளையோ நீரில் இடலாகாது என்று மனுஸ்மிருதியே நான்காம் அத்தியாயத்தில் விலக்குகிறது. (அந்நூலின் பிறவற்றோடு நமக்குள்ள பிணக்கு வேறு கதை.) மரபைக் காக்கப் புறப்பட்டவர்களுக்கு இந்தப் பகுதி மட்டும் கண்ணில் படுவதில்லை போலும்.

சற்று மேலே, களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக்கு அங்கே குடும்பத்தோடு குடில் போட்டுத் தங்குவது தலைமுறை வழக்கம். அண்மை ஆண்டுகளில் திருவிழா நாட்களில் தனியார் வாகனங்களைக் கீழேயே நிறுத்தி, அரசுப் பேருந்துகளில் அனுப்பினார்கள். வழிபாட்டு உரிமை பறிபோயிற்றென்று முணுமுணுப்பு எழுந்தது. காரில் போய் இறங்குவது எந்த ஆகமத்தில் சொன்ன உரிமை? கட்டுச்சோற்றோடு வண்டி கட்டியும் நடந்தும் போனவர்களின் பேரப்பிள்ளைகள் அல்லவா நாம்!

யாத்திரையையே தடைசெய்யச் சொல்வோர் பக்கமும் நாம் இல்லை. முடிகாணிக்கையைக் கொட்டகை போட்டு வாங்கி, ஏலம்விட்டு, கணக்கெழுதத் தெரிந்தவை நம் ஆலய நிர்வாகங்கள். துணியையும் அப்படியே கரையில் வாங்கிக்கொள்ளட்டும். பரிகாரம் எழுதும் சோதிடப் பெருமக்கள் தங்கள் பத்தியில் ஒரு வரி சேர்க்கட்டும்: துணி ஆற்றுக்கன்று, கரைக்கு.