தொழிலெனப்படும் பந்தயமும் தொழிலாளியெனப்படாத ஓட்டுநரும்

ஒரு விளையாட்டு எப்பொழுது தொழிலாகிறது? பரிசுப் பணம் வழங்கப்படும்பொழுது என்பர் சிலர். நுழைவுச்சீட்டு விற்கப்படும்பொழுது என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் போதிய விடைகளல்ல. ஒருவர் தம் உடலையும் திறனையும் ஈடுவைத்து உழைக்கும்போது அவ்வுழைப்புக்கு ஊதியமும், அவ்வுடலுக்குப் பாதுகாப்பும், அவர் வீழ்ந்தால் அவர்தம் குடும்பத்துக்கு ஆதரவும் உறுதிசெய்யப்பட வேண்டும். அவ்வாறு உறுதிசெய்யப்பட்ட பின்னரே விளையாட்டு தொழில் என்னும் தகுதியைப் பெறுகிறது. இவ்வளவுகோலைக் கொண்டு நோக்குமிடத்து, இலங்கையில் மோட்டார் சைக்கிள் பந்தயம் உண்டு, பந்தய வீரர் உண்டு, பெருந்திரளான பார்வையாளரும் உண்டு. ஆனால் பந்தயத் தொழில் என ஒன்று இல்லை. அதனை உருவாக்க வேண்டியவர்கள் யார், எவ்வாறு என்பதே இங்கு எழும் வினா.

இலங்கையின் மோட்டார் பந்தய வரலாறு குறுகியதன்று. நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934ஆம் ஆண்டில் தொடங்கியது. ஏப்ரல் மாத வசந்தகாலக் கொண்டாட்டத்தின் ஓர் அங்கமாக, தேயிலை மலையின் வளைவுப் பாதையில் ஒவ்வொருவராக நேரத்தோடு போட்டியிட்டு ஏறும் இப்பந்தயம், துரைமார் சமூகத்தின் பொழுதுபோக்காகவே பிறந்தது. அப்பாதையின் இருமருங்கும் உள்ள தேயிலையை நட்டவரும் கொய்தவரும் பந்தயத்தில் வகித்த இடம் வேடிக்கை பார்ப்போர் என்பது மட்டுமே. களுத்துறையை அடுத்த கட்டுக்குருந்தையில், இரண்டாம் உலகப்போர்க் கால விமானத்தளம் பந்தயக் களமாயிற்று. இவை ஒரு காலகட்டத்தின் அடையாளங்கள்.

அடுத்த காலகட்டம் இராணுவத்தினுடையது. 1993இல் தியத்தலாவையில் தொடங்கிய பொக்ஸ் ஹில் பந்தயமும், அநுராதபுரம் சாலியபுரத்தில் கஜபா படைப்பிரிவு நடத்திவரும் பந்தயமும் இதற்குச் சான்றுகள். நிலம் இராணுவத்திடம் இருந்தது. மண்ணைச் சமன்செய்யும் ஆளணியும் வாகனங்களும் இருந்தன. கழகங்களிடமும் விளையாட்டு அமைச்சிடமும் இவற்றுள் எதுவும் போதிய அளவில் இருக்கவில்லை. ஆகவே விளையாட்டு படைமுகாமுக்குள் குடிபுகுந்தது. துரைத்தனத்தின் கையிலிருந்து படைத்தளத்தின் கைக்கு மாறிய பந்தயம், ஒருபோதும் ஓட்டுநரின் கைக்கு வந்து சேரவில்லை என்பதே இவ்வரலாற்றின் சாரம்.

2024ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆந் திகதி இவ்வமைப்பின் விலை என்னவென்று நாடு கண்டது. பல ஆண்டு இடைவெளியின் பின் மீண்டும் நடத்தப்பட்ட பொக்ஸ் ஹில் பந்தயத்தில், தடத்தைவிட்டு விலகிய கார் ஒன்று பார்வையாளர் கூட்டத்துள் பாய்ந்தது. எட்டு வயதுச் சிறுமி உட்பட எழுவர் உயிரிழந்தனர். இருபதுக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். பந்தய ஒழுங்குக்கென நிறுத்தப்பட்டிருந்த பணியாளரும் இறந்தோருள் அடங்குவர். பொலிஸார் ஓட்டுநர் இருவரைக் கைதுசெய்தனர். இராணுவம் தனது விசாரணைக் குழுவொன்றை நியமித்தது.

மோதியது மோட்டார் சைக்கிள் அன்று, கார் என்று கூறி ஒதுங்குதல் பொருந்தாது. இத்தகைய களங்களில் இரண்டும் ஒரே தடத்தில், ஒரே நாளில், ஒரே ஏற்பாட்டின் கீழேயே ஓடுகின்றன. களத்தின் உரிமையாளர், ஏற்பாட்டாளர், விபத்தின் பின் விசாரிப்பவர் ஆகிய மூவரும் ஒரே நிறுவனத்தைச் சேர்ந்தவராயின் பொறுப்பு யாரைச் சேரும்? தன் வீட்டு வழக்குக்குத் தானே நீதிபதியாக அமரும் முறையை எந்தச் சமூகமும் நீதியென ஏற்றதில்லை. சாதாரண படைவீரரின் உழைப்பையோ நல்லெண்ணத்தையோ இங்கு எவரும் ஐயுறவில்லை. ஐயத்துக்குரியது அமைப்பு முறையே.

இவ்விடத்து உலகின் பிற பகுதிகளில் இவ்விளையாட்டு எவ்வாறு ஒழுங்கமைந்தது என நோக்குதல் பயனுடையது. ஸ்பீட்வே எனப்படும் மண்தடப் பந்தயம் சிறந்த எடுத்துக்காட்டு. அது அவுஸ்திரேலியாவின் மேற்கு மெயிட்லண்டில், 1923ஆம் ஆண்டின் ஒரு விவசாயக் கண்காட்சித் திடலில் உருப்பெற்றதாகச் சொல்வர். 1928இல் இங்கிலாந்தை அடைந்தது. 1936இல் இலண்டன் வெம்பிளி அரங்கில் முதலாவது உலகக்கிண்ண இறுதிப்போட்டி நடைபெற்றது. ஒரே பல்லிணைப்பு, 500 சிசி இயந்திரம், மெதனோல் எரிபொருள், தடுப்புக் கருவியே இல்லாத வண்டி. நால்வர் நான்கு சுற்று ஓடுவர். முதல்வருக்கு மூன்று புள்ளி, கடைசியில் வருபவருக்குப் பூச்சியம். தடத்தின் நீளம் 260 மீற்றர் முதல் 425 மீற்றர் வரையே. ஒரு நகரத்து விளையாட்டுத்திடலுக்குள் அடங்கும் இப்பந்தயம், ஆலைத்தொழிலாளர் வாழ்ந்த நகரங்களின் மாலைப்பொழுதைத் தனதாக்கிக் கொண்டது. ஊருக்கோர் அணி, அணிக்கோர் அரங்கு, பருவம் முழுவதும் போட்டி அட்டவணை என்னும் ஒழுங்கே அதனைத் தொழிலாக்கியது.

எனினும் அந்த ஒழுங்கின் உள்ளேயும் ஒரு முரண்பாடு உண்டு. ஓட்டுநரின் வருமானம் பெரும்பாலும் அவர் ஈட்டும் புள்ளிகளின் கணக்கிலேயே வழங்கப்படுகிறது. வண்டியும் உதிரிப்பாகமும் உதவியாளரின் கூலியும் அவருடைய செலவு. காயமுற்று மருத்துவமனையில் கிடக்கும் ஓட்டுநருக்குப் புள்ளியில்லை, புள்ளியில்லையெனில் பணமுமில்லை. மலையகத்தை அறிந்தோர்க்கு இக்கணக்கு புதிதன்று. கொழுந்தின் கிலோக் கணக்கு குறைந்தால் முழுப் பேர் அரைப் பேராகிவிடும் தோட்டத்துக் கூலிமுறையும் இதுவும் ஒரு தாய்ப்பிள்ளைகள். ஆபத்தை உழைப்பவர் தோளில் ஏற்றி, இலாபத்தை ஏற்பாட்டாளர் பையில் இறக்கும் துண்டுக்கூலி முறை, வெம்பிளியின் மின்னொளியிலும் துண்டுக்கூலி முறையே. பிரித்தானியாவில் காயமுற்ற ஓட்டுநருக்கென நலநிதியொன்று இயங்குவது போற்றுதற்குரியது. ஆனால் உரிமையாகக் கிடைக்கவேண்டியது கொடையாகக் கிடைப்பதே அமைப்பின் குறைபாட்டுக்குச் சான்று.

பிரித்தானிய அனுபவம் மற்றொரு பாடத்தையும் தருகிறது. 1965இல் பதினெட்டு அணிகளோடு தொடங்கிய பிரித்தானிய லீக்கின் பெருமை இன்று பழங்கதையாகிவிட்டது. உலகக்கிண்ண இறுதிப்போட்டியை வெம்பிளி கடைசியாகக் கண்டது 1981இல். விம்பிள்டன் அரங்கு இடிக்கப்பட்டு அங்கு உதைபந்தாட்ட அரங்கும் குடிமனைகளும் எழுந்தன. வுல்வர்ஹம்டனிலும் பீற்றர்பரோவிலும் 2023ஆம் ஆண்டோடு பந்தயம் நின்றது. பார்வையாளர் குறைந்தது ஒரு காரணமே. அணி ஓடிய நிலம் அணிக்குச் சொந்தமாக இல்லாமை மற்றொரு காரணம். நிலத்தின் விலை விளையாட்டின் விலையைவிட உயர்ந்த அன்றே அதன் தலைவிதி எழுதப்பட்டுவிட்டது.

போலந்தில் நிலை வேறு. அங்கு நகரசபைகள் அரங்குகளைக் கட்டியும் பேணியும் வருகின்றன; டொருன் நகரின் பெரிய அரங்கு நகரத்தின் செலவில் எழுந்து 2009இல் திறக்கப்பட்டது. உலகின் முன்னணி ஓட்டுநர்கள் தம் வருமானத்தின் பெரும்பகுதியை அந்நாட்டு லீக்கிலேயே ஈட்டுகின்றனர். அங்கும் குறைகள் இல்லாமலில்லை. 2012இல் வ்ரோட்ஸ்வாஃப் தடத்தில் ஒரு பிரித்தானிய ஓட்டுநர் உயிரிழந்தார். 2015இல் சியலோனா கோராவில் ஓர் அவுஸ்திரேலிய இளைஞர் முதுகெலும்பு முறிந்து நடக்கும் ஆற்றலை இழந்தார். பணம் மட்டும் உயிரைக் காப்பதில்லை. ஆயினும் நிலம் பொதுவுடைமையாக இருக்குமிடத்தில் விளையாட்டு நிலைக்கும் என்பதை மறுக்க முடியாது.

அண்மையிலுள்ள தமிழகத்தின் அனுபவமும் கவனத்துக்குரியது. சோழவரத்தின் போர்க்கால விமானத்தளத்தில் பல்லாண்டுகள் நடைபெற்ற பந்தயம், சென்னைக் கழகம் இருங்காட்டுக்கோட்டையில் தனக்கென அமைத்த தடத்துக்கு 1990இல் இடம்பெயர்ந்தது. கட்டுக்குருந்தை செய்யத் தவறியதைச் சோழவரம் செய்துகாட்டியது. ஆனால் அதே தடத்தில் 2023 ஓகஸ்டில் பதின்மூன்று வயதுச் சிறுவன் ஒருவன் பந்தயத்தின்போது வீழ்ந்து உயிரிழந்தான். தடம் அமைத்தால் மட்டும் போதாது. அத்தடத்தில் எவ்வயதினர், எவ்வேகத்தில், எவர் மேற்பார்வையில் ஓடலாம் என்பதை ஏற்பாட்டாளரைச் சாராத ஒருவர் தீர்மானித்தல் வேண்டும்.

இனி, எதிர்த்தரப்பு வாதங்களை நோக்குவோம். இது செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளின் களியாட்டம், வறிய நாட்டுக்கு ஏன், தடைசெய்துவிடுக என்பது முதல் வாதம். 2022இல் எரிபொருளுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்ற மக்களின் நாட்டில் இவ்வாதத்துக்கு வலுவுண்டு. ஆனால் இலங்கை வீதிகளில் மிகுதியாக ஓடும் வாகனம் மோட்டார் சைக்கிள். அது மீன் வியாபாரியின், ஆசிரியரின், தோட்டத்து இளைஞரின் வாகனம். தடைசெய்யப்பட்ட பந்தயம் ஒழிந்துபோவதில்லை. இரவில் பொதுவீதிக்கு இறங்குகிறது. ஹந்தானை மலைப்பாதையின் கொண்டையூசி வளைவுகளைப் பார்த்த எவரும், கட்டுப்பாடற்ற வேகம் எங்கு சென்று முடியும் என்பதை ஊகிக்கலாம். வேகத்தின் மீதான இளைஞரின் வேட்கையைச் சட்டப்புத்தகம் அழித்துவிடாது. ஒழுங்கான களமே அதனை நெறிப்படுத்தும்.

விளம்பர நிறுவனங்களிடம் விட்டுவிடுக, சந்தை பார்த்துக்கொள்ளும் என்பது இரண்டாவது வாதம். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025 வரை பெருமளவில் முடங்கிக் கிடந்தபோது, வண்டி விற்கும் நிறுவனத்தின் ஆதரவை நம்பிய விளையாட்டு என்னவாகும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். சந்தை தழைக்கும்போது வரும் ஆதரவு சந்தை வாடும்போது முதலில் விலகும். விளம்பரப்பலகை ஓட்டுநரின் சட்டையில் இடம்பிடிக்கும். அவருடைய உடைந்த எலும்புக்கு அது பொறுப்பேற்பதில்லை.

ஆகவே செய்யத்தக்கன யாவை? முதலாவதாக, 1973ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க விளையாட்டுச் சட்டம் அமைச்சுக்கு அளிக்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தி, ஏற்பாட்டாளரிலிருந்து வேறுபட்ட பாதுகாப்பு ஆணையமொன்று நிறுவப்படல் வேண்டும். அதன் அனுமதியின்றி எந்தக் களத்திலும், அது படைமுகாமாயினும், ஒரு சக்கரமும் சுழலலாகாது. இரண்டாவதாக, மலையேற்றத்தையும் ஏரிக்கரைச் சுற்றையும் மட்டும் நம்பியிராது, மாகாணத்துக்கொன்றாக, உள்ளூராட்சிச் சபைகளின் உடைமையில், சிறிய வட்டத் தடங்கள் அமைக்கப்படல் வேண்டும். குறுகிய தடத்தில் பார்வையாளரைக் காப்பது எளிது, செலவும் குறைவு. மூன்றாவதாக, ஓட்டுநர், இயந்திரவினைஞர், தடப்பணியாளர் ஆகிய முத்திறத்தாரும் சேர்ந்த தொழிற்சங்கம் வேண்டும். புள்ளிக் கணக்கில்லாத அடிப்படை ஊதியமும் கட்டாயக் காப்புறுதியும் அதன் முதற் கோரிக்கைகளாதல் வேண்டும்.

இப்பணியில் பல்கலைக்கழகத்துக்கும் பங்குண்டு. தடுப்புச்சுவர் தாங்கவேண்டிய விசையைக் கணிக்க வல்லோர் பேராதனைப் பொறியியற் பீடத்தில் உள்ளனர். தலைக்காயத்தின் முதல் மணிநேரத்தில் செய்யவேண்டியதை அறிந்தோர் மருத்துவ பீடத்தில் உள்ளனர். தொழிலுறவுச் சட்டத்தை ஆராய்வோர் கலைப்பீடத்தில் உள்ளனர். ஹந்தானைச் சாரலில் தேங்கிக்கிடக்கும் இவ்வறிவு மலையிறங்கி மக்களின் விளையாட்டுக்குப் பயன்படுமாயின், அறிவுக்கும் பெருமை, விளையாட்டுக்கும் வாழ்வு.

தியத்தலாவையில் மாண்ட எழுவருக்கும் அஞ்சலி செலுத்துவது எளிது. அவர்கள் நின்ற இடத்தில் இனி ஒருவரும் நிற்கவேண்டாத வகையில் தடம் அமைப்பதே கடினமான பணி. அதனைச் செய்யாமல் அடுத்த பந்தயத்துக்குக் கொடியசைக்கும் உரிமை எவருக்கும் இல்லை.