மாமியின்ர பல்லும் 1,390 பவுணும்

போன நவம்பரில் ஒரு இரவு மாமி வட்சப்பில் ஒரு படம் அனுப்பினா. பல்லுக் கிளினிக்கில் கொடுத்த தாள். இரண்டு கிரவுன், ஒவ்வொன்றும் 650 பவுண். பல் துப்புரவுக்கு 90. மொத்தம் 1,390. கூடவே மாதத் தவணைக்கு ஒரு விண்ணப்பம். "பிள்ளை, கையெழுத்து வைக்கட்டோ?"

மாமி லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்யிறா. அந்தக் காசு அவவின்ர சம்பளத்தில் முக்கால் மாதம். நோ இருக்கோ என்று கேட்டேன். ஒரு பல்லின் ஓரம் உடைஞ்சிருக்காம், மற்றதில் ஒரு நோவும் இல்லையாம். "பிறகேன் ரெண்டுக்கும் கிரவுன்?" "டொக்டர் எங்கட ஆள்தானே பிள்ளை. தமிழிலதான் விளங்கப்படுத்தினவர்."

இந்தப் பதிலுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தமிழில் விளங்கப்படுத்திய அந்த டொக்டர், மாமி என்எச்எஸ் நோயாளியாகத்தான் வந்தவர் என்பதையும், என்எச்எஸ்ஸிலேயே கிரவுன் உண்டு என்பதையும் மட்டும் எந்த மொழியிலும் சொல்லவில்லை.

இங்கிலாந்தில் என்எச்எஸ் பல் சிகிச்சைக்கு மூன்று கட்டணப் படிகள்தான். 2025 ஏப்ரலில் வந்த கட்டணப்படி பரிசோதனைக்கு 27.40, பல் அடைப்பதற்கும் பிடுங்குவதற்கும் 75.30, கிரவுன், பொய்ப்பல் போன்றவைக்கு 326.70 பவுணாக இருந்தது. ஒரு சிகிச்சைத் தொடருக்கு ஒரே ஒரு கட்டணம். மாமிக்கு உண்மையிலேயே இரண்டு கிரவுன் தேவைப்பட்டிருந்தாலும் 326.70தான். மருத்துவ ரீதியாகத் தேவையான துப்புரவும் அதற்குள் அடக்கம். என்எச்எஸ் நோயாளியாக உங்களை ஏற்ற பிறகு, அவசியமான சிகிச்சையை "பிரைவேட்டில் மட்டும்தான்" என்று சொல்ல முடியாது.

எல்லா டென்டிஸ்டும் கள்ளர் என்று நான் சொல்லவரவில்லை. காசு எப்படி வருகுதோ அப்படித்தான் கை போகும். ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாக அரசு காசு கொடுத்த காலத்தில் தேவையில்லாத துளைப்பு நடந்தது. தேவையற்ற பல் சிகிச்சை பற்றி அரசு அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கையே 1986 இல் வந்தது. 2006 ஒப்பந்தம் அதைத் தலைகீழாக்கியது: ஒரு பல்லை அடைத்தாலும் ஆறு பல்லை அடைத்தாலும் கிளினிக்குக்கு ஒரே அளவு காசு. 2022 இல் கொஞ்சம் திருத்தினார்கள், போதவில்லை. கனக்க வேலை உள்ள ஏழை நோயாளி நட்டம், பிரைவேட் கிரவுன் இலாபம்.

இதன் வேர் இன்னும் பழசு. 1948 இல் பல் சிகிச்சை முழுக்க இலவசம். 1951 இல் கொரிய யுத்தத்தை ஒட்டிய ஆயுதச் செலவுக்குக் காசு தேட, பொய்ப்பல்லுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் கொண்டுவந்தது லேபர் அரசு. என்எச்எஸ்ஸை உருவாக்கிய அனெய்ரின் பெவன் அதை எதிர்த்துப் பதவி விலகினார். பொய்ப்பல்லுக்காக ஒரு அமைச்சர் பதவியை விட்டார் என்றால் இன்றைக்குச் சிரிப்பார்கள்.

மாமியோடு அதே கிளினிக்குக்குப் போனேன். எக்ஸ்ரேயைக் காட்டச் சொன்னோம். "இதை இப்ப செய்யாட்டா என்ன நடக்கும்?" என்று மாமியே கேட்டா. கொஞ்ச நேரம் மௌனம். பிறகு, நோ இல்லாத பல்லில் இருப்பது பழைய அடைப்பு, "பொறுத்திருந்து பார்க்கலாம்" என்றார். உடைந்ததற்குக் கிரவுன் வேணும்தான். என்எச்எஸ் சிகிச்சைத் திட்டத்தை எழுத்தில் கேட்டோம். ரிசப்ஷனில் முகம் சுளித்தார்கள், ஆனால் தந்தார்கள். 326.70. அதுவும் சின்னக் காசில்லை.

ஆறு மாதத்துக்கொருக்கால் கட்டாயம் வரவேணும் என்பதும் எல்லாருக்கும் பொருந்தாது. வாய் நலமாக உள்ள வளர்ந்தவர்களுக்கு இரண்டு வருடம் வரை இடைவெளி விடலாம் என்பது 2004 இல் இருந்து நைஸ் அமைப்பின் வழிகாட்டல். பல்லின் மேல் எனாமலோடு நிற்கிற ஆரம்பச் சொத்தையைத் துளைக்காமல் ஃபுளோரைடால் நிறுத்தவும் வாய்ப்புண்டு.

இதை வாசித்துவிட்டு டென்டிஸ்டிடமே போகாமல் விட்டுவிடாதேங்கோ. எங்கட ஆக்களின் பெரிய வருத்தம் அதுதான்: வீங்கினாப் பிறகுதான் போவது. அவசரமென்றால் 111க்கு அடிக்கலாம். புதிய என்எச்எஸ் நோயாளிகளை எடுக்கிற கிளினிக்கே பல ஊர்களில் இல்லை என்பதும் தெரியும். அங்கே மாமி கேட்ட கேள்வியைக் கேட்கக்கூட ஆள் இல்லை. அது தெருவில் இறங்கிக் கேட்கவேண்டிய விசயம்.

இன்னொன்று. குறைந்த வருமானக்காரர் எச்சி1 படிவம் நிரப்பினால் கட்டணம் முழுதாகவோ பகுதியாகவோ போகலாம். ஆனால் உரிமை உறுதியாகாமல் "இலவசம்" என்ற பெட்டியில் புள்ளடி போடாதேங்கோ. 100 பவுண் வரை தண்டம் வரும். கிளினிக்கில் யாரோ "போடுங்கோ" என்று சொன்னதை நம்பிப் போட்டவர்களுக்கும் கடிதம் வந்திருக்கு.

மாமியின்ர தங்கச்சிக்கும் இப்ப ஒரு தாள் வந்திருக்கு, 2,100 பவுண். சனிக்கிழமை அவவோட போறன். ஆங்கிலம் கதைக்கத் தயங்கிற ஆக்களோடு கூடப்போக வேறு தோழர்கள் இருந்தால் இந்த மின்னஞ்சலுக்கே பதில் போடுங்கோ.