பால் கூடினால் யாரிடம் சொல்வாள்?

"பால் பத்தலை டாக்டர், மார்புல வெச்சதும் பாப்பா கத்துறா." பெங்களூரின் எந்தக் குழந்தைநலப் புறநோயாளர் பிரிவிலும், தமிழிலோ கன்னடத்திலோ, இந்த முறையீடு நாள்தோறும் கேட்கும். உடனே சதாவரித் தூளோ டாம்பெரிடோனோ எழுதிக் கொடுக்கும் பழக்கம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. எழுதுமுன் அந்தத் தாய் பால் கொடுப்பதை ஒருமுறை உட்கார்ந்து பார்த்தால், சிலரிடம் நேர்மாறான நிலை தெரியவரும். காம்பைக் கவ்விய அரை நிமிடத்தில் குழந்தைக்குப் புரையேறுகிறது. வாயை எடுத்துக்கொண்டு முதுகை வில்லாக வளைத்து அழுகிறது. விட்ட மார்பிலிருந்து பால் பீறிட்டு ரவிக்கை நனைகிறது. எடை அட்டையைப் புரட்டினால் நாளுக்கு 40, 50 கிராம் ஏறியிருக்கிறது. எதுக்களிப்பதும், பச்சையாக நுரைத்து மலம் போவதும் கூடவே இருக்கும். இது பால் குறைவே அல்ல, மிகைச் சுரப்பு. அதற்குத்தான் பால் பெருக்கும் மருந்தைக் கொடுத்து அனுப்புகிறோம். இன்னும் சிலருக்கு எதுக்களிப்புச் சொட்டு மருந்து கொடுக்கிறோம், அல்லது பசும்பால் ஒவ்வாமை என்று சொல்லித் தாயின் தயிரை நிறுத்துகிறோம்.

மிகைச் சுரப்பு உள்ளவள் தானாக வந்து அதைச் சொல்வது அரிது. "எத்தனை பேர் பால் ஊறாம தவிக்கிறாங்க, உனக்கென்ன குறை?" என்று வீட்டில் வாயை அடைத்துவிடுவார்கள். கண் பட்டுவிடும் என்ற பயம் வேறு. மார்பு கல்லாகி, நெறி கட்டி, குளிர் காய்ச்சலோடு வரும்போதுதான் நாம் அவளைப் பார்க்கிறோம். சிலர் சீழ்க்கட்டியோடு வருகிறார்கள்.

2020இல் தாய்ப்பால் மருத்துவக் கழகம் வெளியிட்ட 32ஆம் நெறிமுறை மிகைச் சுரப்பை மூன்றாகப் பிரிக்கிறது: காரணம் தெரியாமல் இயல்பாகவே வருவது, தாய் தானே உண்டாக்கிக்கொள்வது, நம் அறிவுரையாலும் மருந்தாலும் விளைவது. பின்னிரண்டும் தடுக்கக்கூடியவை. பெங்களூரில் அவை இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கின்றன என்பது என் உறுதியான கருத்து.

எப்படி என்று பாருங்கள். மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் முதல் இரண்டு பிரசவங்களுக்கு 26 வார விடுப்பைக் கொண்டுவந்தது. அப்படியும் வெளிவட்டச் சாலை அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டிய நாளை நினைத்து, பிரசவித்த இரண்டாம் வாரமே பம்ப் வாங்கிவிடுகிறார்கள். ஒவ்வொரு முறை பால் கொடுத்த பின்னும் இருபக்கமும் பத்துப் பத்து நிமிடம் பம்ப் செய்து உறைபெட்டியை நிரப்பச் சொல்லி யாரோ கற்றுக்கொடுத்திருப்பார்கள். பல நேரம் அந்த யாரோ நம்மில் ஒருவர். முதல் சில வாரங்களுக்குப் பிறகு, எவ்வளவு பால் வெளியேறுகிறதோ அதைப் பொறுத்தே மார்பு சுரக்கிறது. ஒன்று முதல் ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை நாளுக்குச் சராசரியாக 750 முதல் 800 மில்லி வரை குடிக்கும். அதற்கு மேல் தினமும் 400 மில்லி எடுத்தால், ஒன்றரைக் குழந்தைக்கு ஊட்டுவதுபோல மார்பு வேலை செய்யத் தொடங்கும். பிறகு பம்பை நிறுத்தினால் கட்டிக்கொள்கிறது, நிறுத்தாவிட்டால் இன்னும் ஊறுகிறது. வேலைக்குத் திரும்பும் தாய்க்கு முதலில் வேண்டியது மறுநாளுக்கான பால்தான், மூன்று மாதச் சேமிப்பு அல்ல. இதை அவளிடம் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அதே திருத்தம் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும், தாய் நாளுக்கு நான்கு முறை அங்கே போய்வரும் உரிமையும் தந்தது. "உங்க ஆபீஸ்ல கிரெச் இருக்கா?" என்ற கேள்வியும் நம் ஆலோசனையில் இருந்தாக வேண்டும்.

பத்தியச் சாப்பாட்டை நான் குறை சொல்லமாட்டேன். பூண்டுக் குழம்பும் பால்சுறாப் புட்டும் முருங்கைக்கீரையும், கன்னட வீடுகளில் பாணந்திக்குப் போடும் சப்பசிகே கீரையும், பிள்ளை பெற்றவளுக்கு நல்ல உணவுதான். கவலை தருவது பால் போதுமான அளவு இருக்கும்போதே எழுதப்படும் மாத்திரை. டாம்பெரிடோன் இதயத் துடிப்பின் லயத்தைப் பாதிக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துத் துறை 2004லேயே பாலூட்டும் தாய்மாரை எச்சரித்தது.

சிகிச்சையைப் பொறுத்தவரை, எடையும் பாலூட்டும் விதமும் பார்த்து உறுதிசெய்த பிறகே சுரப்பைக் குறைக்கத் தொடங்க வேண்டும். முதல் நான்கு வாரங்களில் பல தாய்மாருக்குப் பொங்குவது தானே அடங்கிவிடும். அப்போது சாய்ந்து படுத்துப் பாலூட்டக் கற்றுக்கொடுத்து, தேவையற்ற பம்பைப் படிப்படியாகக் குறைத்தாலே போதும். அடங்காவிட்டால், 2007இல் நெதர்லாந்திலிருந்து வெளிவந்த கட்டுரை விவரித்த முறை இருக்கிறது. இரு மார்பையும் ஒரே ஒருமுறை முழுதாக வடித்துவிட்டு, பிறகு மூன்று மணி நேரத்துக்கு ஒரு பக்கம், அடுத்த மூன்று மணி நேரத்துக்கு மறுபக்கம் என்று கொடுப்பது. காத்திருக்கும் மார்பு கனத்தால், வலி தணியும் அளவுக்கு மட்டும் பீய்ச்சலாம். ஒன்றிரண்டு நாளில் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும். இதை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டு மறந்துவிடக் கூடாது. குழந்தையின் எடையைப் பார்த்து, சுரப்பு இறங்கியதும் நிறுத்தச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பால் உண்மையாகவே பற்றாமல் போகும். சூடோஎபிட்ரின், ஈஸ்ட்ரோஜன் மாத்திரை, கேபர்கோலின் எல்லாம் இதற்குப் பிந்தியவை. ரத்த அழுத்தத்தையும் ரத்தம் உறையும் ஆபத்தையும் பார்க்காமல் அவற்றைத் தொடவே கூடாது.

பால் கட்டியவளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, அழுத்திப் பிசைந்து, "முழுக்கப் பீய்ச்சி எடு" என்று சொல்வது நம் வார்டுகளில் இன்னும் நடக்கிறது. அதே கழகம் 2022இல் திருத்திய மார்பழற்சி நெறிமுறை பிசைவதையும் முழுக்கப் பீய்ச்சுவதையும் மறுக்கிறது, சூடு தொல்லையைக் கூட்டக்கூடும் என்றும் சொல்கிறது. குளிர் ஒத்தடம், வலி மாத்திரை, குழந்தைக்கு வேண்டிய அளவு மட்டும் பால் என்பதே இப்போதைய வழி. பிசைவதால் வீக்கம் கூடுகிறது, முழுக்க எடுப்பதால் சுரப்பு கூடுகிறது.

மல்லிகைப் பூவை மார்பில் வைத்துக் கட்டும் பாட்டி வைத்தியத்தைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் அதைப் புரோமோகிரிப்டினோடு ஒப்பிட்டு ஆராய்ந்து 1988இல் வெளியிட்டார்கள். பூ வைத்த தாய்மாரிடமும் புரோலாக்டின் இறங்கியது, பால் கட்டும் தொல்லையும் மருந்துக்கு இணையாகத் தணிந்தது. அது பாலை நிறுத்த வேண்டியவர்களிடம் செய்த சிறிய ஆய்வு. மிகைச் சுரப்புக்கு அதை அப்படியே நீட்டிவிட முடியாது. ஆனாலும் மேற்கொண்டு ஆராயத் தகுந்த பொருள் நம் பூக்கடையிலேயே கிடைக்கிறது.

இனி, ஏற்கெனவே எடுத்துவிட்ட பாலுக்கு வருவோம். பெங்களூரின் வாணிவிலாஸ் மருத்துவமனையில் 2022இல் 'அமிர்ததாரே' தாய்ப்பால் வங்கி தொடங்கியது. ஒரு கிலோ எடையுள்ள குறைமாதக் குழந்தை முழு அளவில் குடித்தாலும் நாளுக்கு 150 முதல் 180 மில்லிதான். ஒரு தாயிடம் மிஞ்சுவது இப்படி ஒரு குழந்தையைக் காக்கும். இதே நகரத்தில்தான் தாய்ப்பாலை விற்பனைப் பொருளாக்கிய நியோலாக்டா நிறுவனமும் இயங்கியது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிமம் 2021இல் பறிபோன பின் ஆயுஷ் உரிமம் வாங்கியது, 2022இல் அதுவும் ரத்தானது. மனிதப் பாலைப் பதப்படுத்தி விற்க அனுமதியே இல்லை என்று ஆணையம் 2024 மே 24 அன்று தெளிவாக அறிவித்தது. நடுவண் அரசின் 2017 வழிகாட்டுதலும் தானப் பாலை வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. எனக்கு இதில் மாற்றுக் கருத்தே இல்லை. பாலுக்கு விலை வந்தால் மிகைச் சுரப்புக்கும் விலை வரும். அதைக் குறைக்க வேண்டிய தாயைக் குறைக்கவிடாமல் தடுக்கும் கை அவள் வீட்டுக்குள்ளேயே முளைக்கும்.

விலை இல்லாமல் புகழ் மட்டும் வந்தாலும் கவனம் வேண்டும். திருச்சியில் ஒரு தாய் 2023 ஏப்ரல் முதல் 2025 பிப்ரவரி வரை 300 லிட்டருக்கு மேல் அரசு மருத்துவமனைக்குக் கொடுத்தார். நாளுக்குச் சராசரி சுமார் 450 மில்லி. அவர் கொடுத்தது உயிர்ப் பால், வணங்குகிறேன். ஆனால் அந்தச் செய்தியைப் படித்து, நெறி கட்டிய மார்போடு இன்னும் ஒரு பாட்டில் என்று பம்பைப் பொருத்துகிறவளும் நம்மிடம் வருவாள். வங்கிகள் எச்ஐவி, மஞ்சள்காமாலை, மேகநோய்ச் சோதனைகளை ஒழுங்காகச் செய்கின்றன. அதே படிவத்தில் இன்னும் மூன்று கேள்விகள் வேண்டும்: இந்தப் பால் தானாக மிஞ்சுகிறதா, தானத்துக்காகவே கூடுதலாகப் பம்ப் செய்கிறீர்களா, கடந்த மாதத்தில் மார்பு வலித்துக் காய்ச்சல் வந்ததா? மூன்றாவதற்கு ஆம் என்றால், அடுத்த பாட்டிலை வாங்குமுன் பாலூட்டல் ஆலோசகர் அவளைப் பார்க்க வேண்டும். நிறுத்த விரும்புகிறவளுக்கு, சில நாளுக்கு ஒருமுறை ஒரு பம்பாக எப்படிக் குறைப்பது என்று எழுதித் தருவதும் வங்கியின் வேலையே.