சுரங்கப் பாதையின் சாவி யார் கையில்?



உங்களில் பலருடைய வீட்டுக் கைப்பேசியில் "வி.பி.என்." என்ற பெயரில் ஏதேனும் ஒரு செயலி இருக்கக்கூடும். பணம் கட்டத் தேவையில்லை. பொத்தானை ஒருமுறை தொட்டால் போதும், "நீங்கள் இப்போது பாதுகாப்பாக இருக்கிறீர்கள்" என்று பச்சை விளக்கு எரியும். யாரிடமிருந்து பாதுகாப்பு? அதைத் தருபவர் யார்? அவருக்கு ஆகும் செலவை யார் கொடுக்கிறார்கள்? இந்த மூன்று கேள்விகளையும் பெரும்பாலோர் கேட்பதில்லை. அறிவியல் படிக்கும் நீங்கள் கேட்டே ஆக வேண்டும். அந்த ஏற்பாட்டை நீங்களே வீட்டில் அமைத்துக்கொள்ள முடியும் என்பதும், எதையும் சொடுக்கும் முன் அதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதும் என் கருத்து. காரணங்களை வரிசையாகப் பார்ப்போம்.

கணிப்பொறி அனுப்பும் செய்தி சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து செல்கிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் அனுப்புநர், பெறுநர் முகவரிகள் இருக்கும். உள்ளே இருக்கும் செய்தி இன்று பெரும்பாலும் பூட்டியே செல்கிறது. 'எச்.டி.டி.பி.எஸ்.' என்பதன் கடைசி எழுத்து அந்தப் பூட்டைத்தான் குறிக்கிறது. ஆனாலும் நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதை, ரயில் நிலையத்தின் பொது வைஃபையை நடத்துபவர் பெரும்பாலும் அறிந்துகொள்ள முடியும். வி.பி.என். என்ன செய்கிறது? கடிதத்தை அதன் முகவரியோடு சேர்த்து இன்னோர் உறைக்குள் போட்டு ஒட்டி, மேலே ஒரே ஒரு முகவரியை எழுதுகிறது. அதுவே வி.பி.என். சர்வரின் முகவரி. அங்கே வெளியுறை பிரிக்கப்படும். உள்ளே இருக்கும் கடிதம் தன் வழியே போகும். பொதுச் சாலைக்கு அடியில் நமக்கென்று ஒரு சுரங்கப் பாதை போட்டுக்கொண்டது போல!

இப்போது எண்ணிப் பாருங்கள். வழியில் இருப்பவருக்குத் தெரியாமல் போனது, உறையைப் பிரிப்பவருக்குத் தெரிந்துவிடுகிறது அல்லவா? ஆற்றல் அழிவதில்லை, உருமாறுகிறது என்று படித்திருக்கிறீர்கள். நம்பிக்கையும் அப்படித்தான். வி.பி.என். அதை ஒருவரிடமிருந்து எடுத்து இன்னொருவரிடம் கொடுக்கிறது, அவ்வளவே.

அந்த இன்னொருவர் எப்படிப்பட்டவர் என்பதற்கு ஓர் உதாரணம் பாருங்கள். ஓனாவோ என்ற இஸ்ரேலிய நிறுவனத்தை 2013இல் ஃபேஸ்புக் விலைக்கு வாங்கியது. ஓனாவோ ப்ரொடெக்ட் என்ற இலவச வி.பி.என். செயலி, பயனாளரின் தகவல்களைக் காக்கும் என்று விளம்பரம் செய்யப்பட்டது. மக்கள் எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்ற விவரமோ, அதே சுரங்கத்தின் வழியே வணிக ஆய்வுக்குப் போய்க்கொண்டிருந்தது. 2019இல் செயலி மூடப்பட்டது. இதைத் தெளிவாகச் சொல்லாமல் மக்களைத் தவறாக வழிநடத்தியதற்காக, 2023 ஜூலையில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் அந்நிறுவனத்தின் இரு கிளைகளுக்கு மொத்தம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தது. எல்லா நிறுவனங்களும் இப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. நேர்மையாக நடப்பவையும் உண்டு. ஆனால் பச்சை விளக்கைப் பார்த்து மட்டும் அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்க முடியாது.

அப்படியானால், உறையைப் பிரிக்கும் இடம் நம் வீடாகவே இருந்தால் என்ன? முடியும். இதற்குப் பெரிய இயந்திரம் வேண்டாம். பழைய மடிக்கணினி ஒன்றோ, ராஸ்பெர்ரி பை என்னும் கையளவு கணிப்பொறியோ போதும். அது 5 வாட் மின்சாரம் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரவும் பகலும் ஓடினாலும் மாதத்துக்கு 3.6 யூனிட்தான். லினக்ஸும், வயர்கார்டு என்ற மென்பொருளும் இலவசமாகக் கிடைக்கின்றன. இந்த இலவசத்துக்கும் முன்னால் சொன்ன இலவசத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இதன் நிரலை யார் வேண்டுமானாலும் படித்துப் பார்க்கலாம். ஜேசன் டோனன்ஃபெல்டு உருவாக்கிய வயர்கார்டின் மையப் பகுதி சுமார் 4,000 வரிகளே. 2020 மார்ச்சில் அது லினக்ஸின் கருநிரலிலேயே சேர்த்துக்கொள்ளப்பட்டது. பூட்டின் அமைப்பு ஊருக்கே தெரிந்திருந்தாலும் சாவி ஒன்று மட்டும் ரகசியமாக இருந்தால் போதும், பூட்டு அப்படித்தான் இருக்க வேண்டும் என்று கெர்க்கோஃப்ஸ் 1883லேயே எழுதினார். அந்தக் கொள்கை இங்கே நடைமுறைக்கு வந்திருக்கிறது.

சாவியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். ஒவ்வொரு கருவிக்கும் இரண்டு சாவிகள். ஒன்று பொதுச் சாவி, யாரிடமும் கொடுக்கலாம். மற்றது தனிச் சாவி, அந்தக் கருவியை விட்டு அது வெளியே போகக் கூடாது. முன்பின் சந்திக்காத இருவர், ஊரே கேட்கும்படி பேசியே தங்களுக்குள் ஒரு ரகசியத்தை உண்டாக்கிக்கொள்ள முடியும் என்று 1976இல் டிஃபியும் ஹெல்மனும் காட்டினார்கள். வயர்கார்டு நிற்பது அந்த அடித்தளத்தின் மேல்தான். அப்படி உண்டாகும் ரகசியச் சாவி 256 பிட் நீளமுடையது. இருக்கக்கூடிய சாவிகளின் எண்ணிக்கையை எழுதினால் 78 இலக்கங்கள் வரும். நொடிக்கு ஒரு கோடி கோடி சாவிகளைச் சோதிக்கும் இயந்திரம் ஒன்று, பிரபஞ்சம் தோன்றிய நாளிலிருந்து, அதாவது சுமார் 1,380 கோடி ஆண்டுகளாக ஓடியிருந்தாலும், அது சோதித்து முடித்தவை 32 இலக்க எண் அளவே இருக்கும். நோட்டில் போட்டுப் பாருங்கள்.

ஆகவே சாவியை ஊகித்து யாரும் உள்ளே வரப்போவதில்லை. நாம் கவனக்குறைவாக வெளியில் வைத்துவிட்ட சாவியைக் கொண்டுதான் வருவார்கள். அமைக்கும் முறையைப் பற்றி நான் வலியுறுத்த விரும்புவதும் இதனால்தான்.

வயர்கார்டை இரண்டு வகையாக அமைக்கலாம். ஒன்று, கையால் அமைப்பது. சாவிகளை உண்டாக்கி, எந்தச் சாவிக்கு எந்த உள்முகவரி என்று பத்துப் பதினைந்து வரியில் ஒரு கோப்பு எழுதி, பொட்டலங்களை மறுபக்கம் கடத்திவிடும்படி லினக்ஸுக்குச் சொல்ல வேண்டும். மற்றது, டபிள்யூஜி-ஈஸி போன்ற வலைப்பக்கப் பலகையை நிறுவிக்கொள்வது. பிரவுசரில் பக்கத்தைத் திறந்து, "புதிய கருவி" என்று சொடுக்கினால் ஒரு க்யூ.ஆர். கட்டம் தோன்றும். கைப்பேசியால் அதைப் படம்பிடித்தால் வேலை முடிந்தது. யார் இணைந்திருக்கிறார்கள், எவ்வளவு தகவல் போனது என்பதெல்லாம் அதே பக்கத்தில் தெரியும்.

பலகை நல்லதா, கெட்டதா? நல்லதுதான். வீட்டில் ஐந்து கருவிகள் இருந்து, அவற்றில் அண்ணனின் கைப்பேசி தொலைந்துபோனால், அதன் பெயருக்கு எதிரே ஒரு சொடுக்கு போதும், அந்தக் கருவிக்கு மட்டும் கதவு மூடிவிடும். அந்த வசதிக்காகவாவது கருவிக்கு ஒரு தனிச் சாவி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அந்தக் க்யூ.ஆர். கட்டத்துக்குள் என்ன இருக்கிறது? கைப்பேசியின் தனிச் சாவியே அதில் இருக்கிறது! கருவியை விட்டு வெளியே போகக் கூடாது என்று சற்று முன் சொன்னேனே, அந்தச் சாவியைப் பலகை சர்வரிலேயே உண்டாக்கி, படமாக வரைந்து காட்டுகிறது. வசதிக்காக நாம் கொடுக்கும் விலை இது. சர்வர் நம்முடையது என்பதால் இந்த விலை பொறுக்கத்தக்கதே. ஆனால் கொடுக்கிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர், "பார், நானே அமைத்தேன்" என்று அந்தக் கட்டத்தைப் படம் எடுத்து நண்பர்கள் குழுவில் போட்டுவிடுவார். பூட்டைக் காட்டுவதாக எண்ணி, வீட்டுச் சாவியையே கொடுத்துவிட்டவர் ஆவார்.

இன்னொன்றும் உண்டு. வயர்கார்டு வழக்கமாக 51820 என்ற எண்ணுள்ள கதவில் காத்திருக்கும். சரியான சாவி இல்லாமல் யார் தட்டினாலும் அது பதிலே சொல்லாது. அங்கே ஒரு கதவு இருப்பதே வெளியாருக்குத் தெரியாது. டபிள்யூஜி-ஈஸியின் பலகையோ வழக்கமாக 51821ஆம் கதவில் இருக்கிறது. தட்டியவருக்கெல்லாம் அது எழுந்து வந்து "கடவுச்சொல் என்ன?" என்று கேட்கும். உள்ளே எல்லாக் கருவிகளின் சாவிகளும் இருக்கின்றன. ஆகையால் ரவுட்டரில் 51820ஐ மட்டும் வெளியுலகுக்குத் திறந்துவிடுங்கள். 51821ஐத் திறக்காதீர்கள். பலகையைப் பார்க்க வேண்டுமானால் வீட்டுக்குள் இருந்து பாருங்கள். வெளியூரில் இருந்தால், சுரங்கத்தின் வழியே வீட்டுக்குள் வந்து பாருங்கள்.

"ஐயா, சைக்கிள் ஓட்டுவதற்குச் சக்கரம் செய்யத் தெரிந்திருக்க வேண்டுமா?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. வேண்டாம். ஆனால் பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் மேட்டிலிருந்து இறங்கக் கூடாது. ஆய்வுக்கூடத்தில் எண்களைக் காட்டும் கருவியைத் தருவதற்கு முன் வெர்னியரைக் கையில் கொடுக்கிறோம். திரையில் எண் ஒன்று தோன்றும்போது அது எங்கிருந்து வருகிறது என்பதைக் கை அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே. ஒரே ஒருமுறை கையால் அமைத்துப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் பலகையையே பயன்படுத்துங்கள். எந்தச் சொடுக்கு எந்த வரியை எழுதுகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

வழியில் ஒரு தடை வரலாம். இணைய முகவரியின் பழைய முறையில் 32 பிட்கள்தாம். மொத்தம் சுமார் 430 கோடி முகவரிகள். உலகின் மக்கள்தொகைக்கே அது போதாது. ஆகவே பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே வெளிமுகவரியைக் கொடுப்பது இணைய நிறுவனங்களின் வழக்கமாகிவிட்டது. உங்கள் ரவுட்டரின் வெளிமுகவரி 100.64க்கும் 100.127க்கும் இடைப்பட்ட எண்ணில் தொடங்கினால், நீங்களும் அப்படிப் பங்கிட்டுக்கொண்டவர்தாம். வெளியிலிருந்து வரும் பொட்டலம் உங்கள் வீட்டைக் கண்டுபிடிக்காது. தனி முகவரி வேண்டுமென்று நிறுவனத்திடம் கேட்கலாம். அல்லது 128 பிட் உடைய புதிய ஐ.பி.வி.6 முகவரியைப் பயன்படுத்தலாம்.

இயற்பியல் மாணவர்களுக்கு இதில் ஒரு சோதனையும் இருக்கிறது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். சென்னையிலிருந்து சுமார் 7,500 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஃபிராங்க்ஃபர்ட்டில் உறை பிரிக்கப்பட்டால், போய் வர 15,000 கிலோமீட்டர், குறைந்தது 75 மில்லி செகண்டு. வெளியூரில் இருந்தபடி உங்கள் வீட்டுச் சுரங்கத்தில் எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்து ஒப்பிடுங்கள். விளம்பரம் எப்படி வேண்டுமானாலும் பேசலாம், ஒளி வேகத்தை மீற முடியாது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. வீட்டுச் சுரங்கம் உங்களை மாயமாக மறைத்துவிடாது. பொது வைஃபையிலிருந்து உங்களைக் காக்கும், வெளியூரிலிருந்து வீட்டுக் கோப்புகளை எடுக்க உதவும். அதன் பிறகு உங்கள் பொட்டலங்கள் உங்கள் வீட்டு முகவரியிலிருந்தே உலகுக்குச் செல்கின்றன. வீட்டுக்கு இணையம் தருபவர் எப்போதும்போல் அவற்றைப் பார்ப்பார். நீங்கள் நுழையும் தளம் உங்கள் பெயரால்தான் உங்களை அறியும். மென்பொருளைக் காலாகாலத்தில் புதுப்பிக்கும் பொறுப்பும் இனி உங்களுடையது. பள்ளிக் கட்டுப்பாட்டைத் தாண்டும் குறுக்கு வழியாகவும் இதை எண்ண வேண்டாம்.

பொறுப்பு கூடுகிறது, உண்மைதான். ஆனால் யாரை எதற்காக நம்புகிறோம் என்பது தெரிகிறது. வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லி அனுமதி பெற்று, கணிப்பொறி ஆசிரியரைத் துணைக்கு வைத்துக்கொண்டு தொடங்குங்கள். முதலில் கையால் எழுதுங்கள், பிறகு பலகைக்கு வாருங்கள். அடுத்த முறை ஏதேனும் ஒரு செயலி பச்சை விளக்கைக் காட்டும்போது, "உறையை எங்கே பிரிக்கிறாய்?" என்று கேட்கத் தெரிந்தவராக இருப்பீர்கள்.